போரில் நடந்ததை ஆங்கிலத்தில் எழுதுவது எப்படி? கனடாவில் அகதிக் கோரிக்கை வைப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கனடாவில் அகதிக் கோரிக்கை வைக்கும் ஒவ்வொருவரும் 'பேசிஸ் ஒஃப் கிளெய்ம்' என்ற படிவத்தைக் கொடுக்கவேண்டும். எல்லாரும் பி.ஓ.சி. என்றுதான் சொல்வார்கள். பெயர், முகவரி, குடும்ப விபரம் எல்லாம் ஒரு மாலைக்குள் முடிந்துவிடும். உங்களுக்கு என்ன நடந்தது என்று கேட்கும் பகுதியில்தான் ஆட்கள் நாட்கணக்கில் சிக்குப்படுகிறார்கள். அதை ஆங்கிலத்தில் அல்லது பிரெஞ்சில் கொடுக்கவேண்டும். இலங்கைப் போரில் நாங்கள் அனுபவித்ததோ தமிழில்.

என்னுடைய கதையை எழுதப் பட்டபாடும், பிறகு சொந்தக்காரர் சிலருடைய கதைகளை எழுதும்போது பக்கத்தில் இருந்ததும் எனக்கு ஒன்றைக் காட்டித் தந்தன. விசாரணையில் கேள்விகள் பெரும்பாலும் வினைச்சொல்லைச் சுற்றியே வருகின்றன. 'செல் (எறிகணை) அடிச்சவங்கள்' என்றால் எங்களுக்குள் போதும். ஆங்கில வாக்கியம் யார் அடித்தது, எதனால் அடித்தது, அதை நீங்கள் பார்த்தீர்களா என்று மூன்றையும் கேட்கும். அந்த மூன்றுக்கும் பதில் சொல்லும் விதத்தில் எழுதுவதற்குத்தான் இந்தக் கட்டுரை. சட்டக் கேள்விகளுக்கு உங்கள் சட்டத்தரணியைக் கேளுங்கள்.

1. கடைசித் தேதியையும் செலவையும் முதலில் தீருங்கள்

எல்லையிலோ விமான நிலையத்திலோ கோரிக்கை வைத்திருந்தால், பி.ஓ.சி. கொடுக்கவேண்டிய கடைசித் தேதி உங்களிடம் தந்த தாள்களில் இருக்கும். அடுத்தவருக்கு எத்தனை நாள் கொடுத்தார்கள் என்று விசாரித்து அதை நம்பாதீர்கள். உங்கள் தாளில் உள்ளதுதான் உங்கள் தேதி. அது தவறினால் கோரிக்கையைக் கைவிட்டதாக முடிவெடுக்கும் நடைமுறை தொடங்கிவிடும். அவகாசம் தேவையென்றால், காலம் முடிவதற்குக் குறைந்தது 3 வேலைநாட்களுக்கு முன் விண்ணப்பம், கோரிக்கையை விசாரித்து முடிவெடுக்கும் சபையான ஐ.ஆர்.பி.யின் கைக்குப் போய்ச் சேரவேண்டும்.

கோரிக்கை வைப்பதற்குக் கட்டணம் இல்லை. விசாரணைக்கு ஐ.ஆர்.பி. தரும் மொழிபெயர்ப்பாளருக்கும் நீங்கள் காசு கொடுக்கத் தேவையில்லை. செலவு வருவது சட்டத்தரணிக்கும் எழுத்து மொழிபெயர்ப்புக்கும். ஒன்ராறியோவில் வருமானம் குறைவென்றால் 'லீகல் எய்ட் ஒன்ராறியோ'வை முதல் வாரமே அழையுங்கள். ஆவண மொழிபெயர்ப்பு அந்த உதவிக்குள் வருமா, எத்தனை பக்கம் வரை என்று சட்டத்தரணியிடம் முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். தனியாகக் கொடுப்பதென்றால், பக்கக் கணக்கா சொல் கணக்கா என்று பேசி, விலையை எழுத்தில் வாங்குங்கள். 'கேஸ் கதை' எழுதித் தருவதாக மொத்தமாகக் காசு கேட்கும் ஆட்களிடம் போகவே வேண்டாம். அவர்கள் கையில் இருப்பது ஏற்கெனவே பலருக்குக் கொடுத்த ஒரே கதை. விசாரிப்பவர் அதே வசனங்களை முன்பும் வாசித்திருப்பார்.

2. முதலில் தமிழில், பேசுவதுபோலவே எழுதுங்கள்

ஆங்கிலம் ஓரளவு தெரிந்தவர்கள் நேரே ஆங்கிலத்தில் தொடங்குகிறார்கள். தெரிந்த ஆங்கிலச் சொல்லுக்குள் அடங்குவதை மட்டும் எழுதி, அடங்காததை விட்டுவிடுகிறார்கள். விட்டது விசாரணையன்று வாயில் வரும். 'இதை ஏன் படிவத்தில் எழுதவில்லை?' என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது.

ஆகவே ஒரு கொப்பியில் வீட்டில் பேசும் தமிழில் எழுதுங்கள். ஒரு சம்பவத்துக்கு ஒரு பக்கம். மேலே இடம், காலம். கீழே நடந்தது. எழுதும் நாட்களில் நித்திரை குழம்பும், பழைய சத்தங்கள் வரும். அதற்கும் நேரம் ஒதுக்குங்கள், ஒரே இரவில் முழுவதையும் எழுதி முடிக்க வேண்டாம். ரொறன்ரோவில் இருப்பவர்கள் சித்திரவதைக்கு உள்ளானோருக்கான கனடிய நிலையத்தை நாடலாம். சி.சி.வி.ரி. என்று கேட்டால் தெரியும்.

3. எழுவாய் இல்லாத வாக்கியம் ஒன்றும் இருக்கக்கூடாது

'பிடிச்சுக்கொண்டு போட்டினம்.' 'வந்து சுத்தி வளைச்சவங்கள்.' தமிழில் வினைமுற்றுக்குள்ளேயே ஆள் இருப்பதால் எழுவாய் தேவையில்லை. ஆங்கிலத்தில் ஏதோ ஒன்று அந்த இடத்தில் நிற்கவேண்டும். மொழிபெயர்ப்பவர் அவசரத்தில் 'தே' என்று போட்டுவிடுவார். ஒரு பந்தியில் ஆமி, இயக்கம் (விடுதலைப் புலிகள்), ஆமியோடு நின்ற துணைக்குழு, பொலிஸ் எல்லாருமே 'தே' ஆனால், உங்கள் தம்பியைக் கொண்டுபோனது யார் என்று வாசிப்பவருக்குத் தெரியாது.

தமிழ்ப் பக்கத்தை எடுத்து ஒவ்வொரு வினைக்கும் மேலே செய்தவரை எழுதுங்கள். தெரிந்தால் பெயரோடு: இலங்கை இராணுவம், கடற்படை, சி.ஐ.டி., விடுதலைப் புலிகள். சீருடையை வைத்து அறிந்திருந்தால் சீருடையையும் எழுதுங்கள்.

தெரியாவிட்டால் ஊகித்து எழுதாதீர்கள். ஆங்கிலத்தில் இதற்கென்றே செயப்பாட்டு வினை இருக்கிறது: 'மை பிரதர் வாஸ் டேக்கன் அவே.' அதோடு நிறுத்தவும் வேண்டாம், கண்டதைச் சேருங்கள்: 'ஃபோர் மென் இன் சிவில் கிளோத்ஸ் கேம் இன் எ வைட் வான். தே ஸ்போக் சிங்களா. ஐ டு நொட் நோ ஹூ தே வேர்.' கடைசி வாக்கியம் உங்கள் கதையைப் பலவீனமாக்கும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. தெரியாததைத் தெரியாது என்று எழுதியவருடைய மற்ற வாக்கியங்களை நம்புவது சுலபம் என்பதே நான் கண்டது.

செய்தவர் தெரிந்தும் செயப்பாட்டு வினையில் ஒளித்துவைப்பது எதிர்ப்பக்கத் தவறு. 'தி ஹொஸ்பிட்டல் வாஸ் ஷெல்ட்' என்று மட்டும் எழுதினால் யார் அடித்தது என்ற கேள்வி திறந்தே இருக்கும். இராணுவம் இருந்த பக்கத்திலிருந்து வந்ததை நீங்கள் கண்டோ கேட்டோ இருந்தால், 'தி ஷெல்ஸ் கேம் ஃப்ரொம் தி டிரெக்ஷன் ஒஃப் தி ஆர்மி லைன்ஸ்' என்று எழுதுங்கள். எப்படித் தெரியும் என்று கேட்டால் பதில் உங்களிடம் இருக்கும்.

'வி' என்ற சொல்லுக்கும் இதே கவனம் வேண்டும். 'நாங்கள் பங்கருக்குள் இருந்தோம்' என்றால் யார் யார்? முதல் தடவை எழுதும்போது பெயர்களைச் சொல்லிவிட்டுப் பிறகு 'வி' போடுங்கள். ஒன்றுவிட்ட அண்ணாவை நாங்கள் அண்ணா என்போம். ஆங்கிலத்தில் அவர் 'பிரதர்' ஆகிவிட்டால், குடும்ப விபரப் பகுதியில் இல்லாத ஒரு சகோதரன் கதையில் முளைத்துவிடுவார்.

4. 'அடி', 'பிடி', 'இரு': இந்த மூன்றையும் உடையுங்கள்

எங்கள் பேச்சில் 'அடி' எல்லாம் செய்யும். செல் அடிக்கும், கிபிர் அடிக்கும், வெடி அடிக்கும், ஆமி கையால் அடிப்பான், ஒரு காம்பை இயக்கம் அடிக்கும். ஆங்கிலத்தில் ஒவ்வொன்றும் வேறு வினை. ஆட்லறி, மோட்டார் என்றால் 'ஷெல்ட்'. விமானத்திலிருந்து குண்டு போட்டால் 'பொம்ட்'. துவக்கால் சுட்டால் 'ஃபயர்ட் அட்', சூடு பட்டால்தான் 'ஷொட்'. கையாலோ பொல்லாலோ என்றால் 'பீட்'. முகாமைத் தாக்கினால் 'அட்டாக்ட்'. 'ஷொட் மை அங்கிள்' என்றால் அவர்மேல் சூடு பட்டுவிட்டது. பட்டதோ தெரியாது, ஓடிவிட்டோம் என்றால் 'ஃபயர்ட் அட்' மட்டுமே சரி. 'கிபிர்' என்று எழுதினால் கனடாவில் பலருக்கு விளங்காது. முதல் தடவை விமானப்படையின் ஜெட் விமானம் என்று எழுதி, நாங்கள் அதைக் கிபிர் என்போம் என்று ஒரு வரி சேருங்கள். சத்தம் மட்டும் கேட்டிருந்தால் ஆயுதத்தின் பெயரே வேண்டாம்: 'ஐ ஹேர்ட் அன் எக்ஸ்ப்ளோஷன்.'

'பிடி' இதைவிட ஆபத்தானது. பொலிஸோ ஆமியோ காரணம் சொல்லி, ஆள் யாரென்று காட்டிக் கொண்டுபோனால் 'அரெஸ்டட்'. கொண்டுபோய் வைத்திருந்தது 'டிடெய்ன்ட்'. அடையாளம் இல்லாத ஆட்கள் பலவந்தமாகக் கொண்டுபோனால் 'அப்டக்டட்'. இயக்கம் பிள்ளை பிடித்தது 'ஃபோர்சிப்ளி ரெக்ரூட்டட்'. ஊரைப் பிடித்தது 'கப்சர்ட்'. வேறொரு குடிவரவுப் படிவத்தில் கைது செய்யப்பட்டீர்களா என்ற கேள்விக்கு இல்லை என்று போட்டுவிட்டு, கதையில் 'அரெஸ்டட்' என்று எழுதினால் இரண்டும் மோதும்.

'இரு' என்ற வினை ஒன்றும் செய்யாததுபோலத் தெரியும். அதுதான் அதிகம் மறைக்கிறது. மெனிக் பாம் என்பது போரிலிருந்து வந்த சனத்தை வைத்திருந்த வவுனியா முகாம். 'மெனிக் பாமில் எட்டு மாதம் இருந்தோம்' என்பதை 'ஸ்டேய்ட்' என்று மொழிபெயர்த்தால் ஏதோ விருப்பப்பட்டுத் தங்கியது போலாகும். 2009 டிசம்பருக்கு முன் அங்கே இருந்த பெரும்பாலானோருக்கு வெளியே போக அனுமதி இல்லை. அதை எழுதுங்கள்: 'வி வேர் ஹெல்ட் இன் மெனிக் ஃபார்ம். வி வேர் நொட் அலௌட் டு லீவ்.' இயக்கத்தில் இருந்தவர்கள் என்று பிரித்தெடுத்தவர்களை வைத்திருந்த புனர்வாழ்வு முகாமும் அப்படியே. 'ரிஹபிலிடேஷன்' என்ற சொல்லைத் தனியே விட்டால் வைத்தியசாலை என்று நினைப்பார்கள். யார் அனுப்பினார், குற்றச்சாட்டு இருந்ததா, நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்களா, எப்போது விட்டார்கள் என்று வினைவினையாகச் சொல்லுங்கள்.

5. 'சரணடைந்தோம்', 'இயக்கத்தில் இருந்தேன்': இவற்றை எழுதமுன் சட்டத்தரணியிடம் பேசுங்கள்

2009 மே மாதம் வட்டுவாகல் பக்கமாக இராணுவப் பகுதிக்குள் வந்த சனம் எல்லாம் 'ஆமியிட்டைச் சரணடைந்தோம்' என்றுதான் சொல்கிறது. 'சரண்டர்ட்' என்பது ஆங்கிலத்தில் பெரும்பாலும் போராளிக்குரிய வினையாகவே விளங்கிக்கொள்ளப்படும். பொதுமகனாக நடந்து வந்தவர் 'ஐ க்ரொஸ்ட் இன்டு தி ஆர்மி கொன்ட்ரோல்ட் ஏரியா' என்று எழுதவேண்டும்.

'இயக்கத்துக்கு வேலை செய்தேன்' என்பதற்கு ஆங்கிலத்தில் குறைந்தது நான்கு வினைகள் உண்டு. சேர்ந்தேன், உறுப்பினராக இருந்தேன், சம்பளத்துக்கு வேலை செய்தேன், கட்டாயப்படுத்தியதால் பங்கர் வெட்டினேன். கனடா 2006 ஏப்ரலில் விடுதலைப் புலிகளைப் பயங்கரவாத அமைப்பாகப் பட்டியலிட்டது. குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவு அப்படியான அமைப்பில் உறுப்பினராக இருப்பதையே அனுமதி மறுக்கும் காரணமாக வைத்திருக்கிறது. 'மெம்பர்' என்று மொழிபெயர்ப்பாளர் கைபோன போக்கில் போட்ட ஒரு சொல் கோரிக்கையையே நிறுத்தக்கூடும். இதற்காக உண்மையை மாற்றச் சொல்லவில்லை. படிவத்தில் உள்ளது முழுவதும் உண்மை என்று கையெழுத்து வைக்கப்போவது நீங்கள். என்ன செய்தீர்கள், யார் சொன்னதால் செய்தீர்கள், மறுத்திருந்தால் என்ன நடந்திருக்கும், எப்போது நிறுத்தினீர்கள் என்பவற்றை அப்படியே சொல்லுங்கள். அதற்கு எந்தச் சொல் சரி என்பதைச் சட்டத்தரணி பார்க்கட்டும்.

'ஜெனோசைட்', 'வோர் க்ரைம்' போன்ற சொற்கள் உங்கள் மனதில் இருக்கும். என் மனதிலும் இருக்கின்றன. வாக்குமூலத்தில் உங்கள் கண் கண்டதை எழுதுங்கள். சட்டப் பெயர்களைச் சட்டத்தரணியின் வாதத்துக்கு விடுங்கள்.

6. தமிழின் 'ஆம்' ஆங்கிலத்தில் காணாமற்போகும்

'அண்ணாவை ஓமந்தையிலை வைச்சு இறக்கினவங்களாம்.' அந்த 'ஆம்' நீங்கள் பார்க்கவில்லை என்று சொல்லிவிடுகிறது. ஆங்கில வினைக்கு அப்படி ஒரு வால் இல்லை. மொழிபெயர்ப்பில் அது உதிர்ந்தால் நீங்களே பார்த்ததாக ஆகிவிடும். விசாரணையில் 'எவ்வளவு தூரத்தில் நின்று பார்த்தீர்கள்?' என்று கேட்பார்கள்.

தமிழ்ப் பக்கத்தில் 'ஆம்' வரும் இடமெல்லாம் சிவப்பு மையால் வட்டம் போடுங்கள். ஆங்கிலத்தில் ஒவ்வொன்றுக்கும் முன்னால் சொன்ன ஆளைப் போடுங்கள்: 'மை மதர் டோல்ட் மி தட்…', 'எ நெய்பர் ஹூ வாஸ் ஒன் தி சேம் பஸ் டோல்ட் மி தட்…' கேட்டு எழுதுவது குற்றமில்லை, ஐ.ஆர்.பி. அதையும் பார்க்கும். கேட்டதைக் கண்டதாக எழுதுவதுதான் கேடு.

7. வினையெச்சச் சங்கிலியை அறுத்து, காலத்தைப் பொருத்துங்கள்

'செல் விழுந்து, அம்மா காயப்பட்டு, தூக்கிக்கொண்டு ஓடி, ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கேயும் அடிச்சு…' தமிழில் இது அழகாக ஓடும். ஆங்கிலத்தில் அப்படியே போட்டால் யார் விழுந்தார், யார் ஓடினார் என்று கலங்கும். ஒவ்வொரு எச்சத்தையும் தனி வாக்கியமாக்குங்கள். எழுவாய், வினை, இடம். அடுத்தது. 'எ ஷெல் லாண்டட் நியர் அவர் பங்கர். மை மதர் வாஸ் வூண்டட் இன் தி லெக். மை ஃபாதர் கரீட் ஹெர் டு தி ஹொஸ்பிட்டல்.' பள்ளிப்பிள்ளை எழுதியதுபோல இருக்கிறதே என்று வெட்கப்படாதீர்கள். வாசிப்பவருக்கு இதுதான் வேண்டும்.

காலத்துக்குப் பெரிய இலக்கணம் தேவையில்லை. நடந்து முடிந்தது சாதாரண இறந்தகாலம். ஒன்று நடந்துகொண்டிருக்கும்போது இன்னொன்று வந்தால் 'வி வேர் குக்கிங் வென் தி ஷெல்லிங் ஸ்டார்டட்'. அதற்கும் முந்தியதற்கு 'ஹாட்'. இன்றுவரை தொடர்வதற்கு 'ஹாஸ் பீன்': 'மை பிரதர் ஹாஸ் பீன் மிஸ்ஸிங் சின்ஸ் மே 2009.' காணாமலாக்கப்பட்டவரை 'டிஸப்பியர்ட்' என்று மட்டும் எழுதினால் தானாகப் போனவர் போலிருக்கும். கடைசியாக யாருடைய கையில் கண்டீர்கள் என்று முதலில் எழுதி, 'வி ஹாவ் நொட் சீன் ஹிம் சின்ஸ் தென்' என்று முடியுங்கள். பலமுறை நடந்ததற்கும் ஒருமுறை நடந்ததற்கும் வேறுபாடு காட்டுங்கள். 'சி.ஐ.டி. வீட்டுக்கு வாறவங்கள்' என்பதை 'கேம்' என்று போட்டால் ஒருமுறைதான். 'கேம் செவரல் டைம்ஸ் பிட்வீன்' என்று எழுதி, இரண்டு எல்லைக் காலங்களையும் கொடுங்கள்.

தேதி நினைவில்லையென்றால் எல்லாருக்கும் தெரிந்த நாளோடு பொருத்துங்கள். யாழ்ப்பாணத்துப் பெரிய இடப்பெயர்வு 1995 ஒக்டோபர் 30. சுனாமி 2004 டிசம்பர் 26. கிளிநொச்சி வீழ்ந்தது 2009 ஜனவரி 2. 'கிளிநொச்சி விழுந்து கொஞ்ச நாளில்' என்று தமிழில் வந்தால் 'அபௌட்' என்ற சொல்லோடு எழுதுங்கள். துல்லியமாகத் தெரியாத நாளுக்குத் துல்லியமான தேதி போடாதீர்கள். மாதத்தை இலக்கத்தில் எழுதவே வேண்டாம். 4/5/2009 எங்களுக்கு மே 4, இங்கே பலருக்கு ஏப்ரல் 5.

ஐ.ஆர்.பி.யின் இணையத்தளத்தில் இலங்கைக்கான தேசிய ஆவணத் தொகுப்பு இலவசமாகக் கிடக்கிறது. விசாரிப்பவர் வாசிப்பது அதைத்தான். உங்கள் ஊர், உங்கள் மாதம் பற்றி அதில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அதைப் பார்த்து உங்கள் கதையை மாற்ற வேண்டாம். வித்தியாசம் இருந்தால் ஏன் என்று சொல்லத் தயாராக இருங்கள்.

8. ஆவணமும் வினையும் ஒன்றையே சொல்கின்றனவா?

கையில் உள்ளதை எல்லாம் மேசையில் பரப்புங்கள்: மரணச் சான்றிதழ், மெனிக் பாம் அட்டை, புனர்வாழ்வு விடுவிப்புக் கடிதம், பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, மனித உரிமை ஆணைக்குழு இலக்கம், வைத்தியசாலைத் துண்டு. தடுப்பில் இருக்கும்போது சர்வதேச செஞ்சிலுவைக் குழு (ஐ.சி.ஆர்.சி.) வந்து பதிந்திருந்தால் அதற்கான உறுதிக் கடிதத்தைக் கேட்டு எழுதுங்கள். பதில் வரக் காலம் எடுக்கும், ஆகவே முதலில் செய்யவேண்டிய வேலை இது.

பிறகு ஒவ்வொரு தாளிலும் உள்ள வினையைப் பாருங்கள். மரணச் சான்றிதழில் சூட்டுக் காயம் என்று இருக்க, நீங்கள் செல் என்று எழுதியிருந்தால் ஏன் என்று கதையிலேயே ஒரு வரி வேண்டும். முறைப்பாட்டில் பயத்தில் 'இனந்தெரியாதோர்' என்று கொடுத்துவிட்டு இங்கே 'இராணுவம்' என்று எழுதினாலும் அப்படியே. உடம்பில் காயத் தழும்பு இருந்தால், வைத்தியர் எழுதும் அறிக்கையில் 'பேர்ன்' என்று வந்து உங்கள் கதையில் 'கட்' என்று வரக்கூடாது. எல்லையில் முதல்நாள் நீங்கள் சொன்னவற்றின் குறிப்பையும் சட்டத்தரணி மூலம் எடுத்து ஒப்பிடுங்கள். அன்று களைப்பில் போன மொழிபெயர்ப்பும் உங்கள் கோவைக்குள்தான் இருக்கிறது.

தமிழ், சிங்கள ஆவணம் ஒவ்வொன்றுக்கும் மொழிபெயர்ப்போடு மொழிபெயர்த்தவரின் உறுதிமொழி வேண்டும்: அவர் பெயர், எந்த மொழியிலிருந்து, சரியான மொழிபெயர்ப்பு என்ற வாசகம், கையெழுத்து. பக்கங்களுக்குத் தொடர் இலக்கம் போடுங்கள். விசாரணைக்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன் எல்லாம் போய்ச் சேரவேண்டும்.

9. தமிழில் திருப்பி வாசிக்கக் கேட்காமல் கையெழுத்து வைக்காதீர்கள்

ஆங்கிலப் பிரதி தயாரானதும், மொழிபெயர்ப்பாளர் அதைப் பார்த்துத் தமிழில் வாசிக்கவேண்டும். உங்கள் தமிழ்க் கொப்பியை அவர் பார்க்கக்கூடாது. நீங்கள் கொப்பியை வைத்துக்கொண்டு கேளுங்கள். ஒவ்வொரு வினையிலும் நிறுத்துங்கள். 'கொண்டுபோனார்கள்' என்று எழுதியது 'கைது செய்தார்கள்' என்று திரும்பி வந்தால் அங்கேயே திருத்துங்கள். ஒரு முழு மாலை தேவைப்படும். கடைசித் தேதியன்று இதை வைத்துக்கொண்டால் நடக்காது. வாசித்துக் காட்டியதாக மொழிபெயர்ப்பாளரும் படிவத்தில் கையெழுத்திடுகிறார், ஆகவே அவசரப்படுத்தினால் நில்லுங்கள் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

கொடுத்த பிறகு பிழை கண்டால் விசாரணை நாள்வரை பொத்திவைக்க வேண்டாம். மாற்றிய இடத்துக்கு அடிக்கோடிட்டு, கையெழுத்தும் தேதியும் உறுதிமொழியும் சேர்த்து, விசாரணைக்கு 10 நாட்களுக்கு முன் கொடுக்கலாம்.

10. விசாரணை நாளுக்கு

படிவத்தில் மொழி என்ன, வட்டார வழக்கு என்ன என்று கேட்கும் இடத்தில் இலங்கைத் தமிழ் என்று எழுதுங்கள். இந்தியத் தமிழ் பேசும் நல்ல மொழிபெயர்ப்பாளருக்கும் 'சென்றி', 'பொடியள்', 'இறக்கினவங்கள்' உடனே பிடிபடாமல் போகலாம். மாற்றம் வேண்டுமென்றால் 10 நாட்களுக்கு முன் அறிவிக்கவேண்டும்.

முந்தைய நாள் உங்கள் கதையைத் தமிழில் ஒருமுறை வாசியுங்கள், பாடமாக்க வேண்டாம். பேசும்போது சிறு வாக்கியமாகப் பேசி நிறுத்துங்கள். ஆங்கிலம் கொஞ்சம் விளங்கினால் மொழிபெயர்ப்பாளரின் வினையைக் கவனியுங்கள். சுட்டான் என்ற அர்த்தத்தில் நீங்கள் 'வெடி வைச்சவன்' என்று சொன்னது 'குண்டு வைத்தான்' என்று போனால் கையை உயர்த்தி அந்த நிமிடமே சொல்லுங்கள். விசாரணை ஒலிப்பதிவு செய்யப்படுகிறது, உங்கள் மறுப்பும் அதில் பதியும். இடைவேளைக்குப் பிறகு சொல்லலாம் என்று விட்டால், அதற்குள் அந்தப் பிழையான வினையின்மேல் அடுத்த கேள்விகள் கேட்கப்பட்டிருக்கும்.